ஆறு காம்பரா நீள மீன்

“...அதுவும் எம்புட்டு நீளங்கிறீங்க? நம்ம ஆறு காம்பரா லயம் இருக்குல்ல, அம்புட்டு நீளமாம்! தலையில ஓட்டையாம், அது வழியா தண்ணி பீய்ச்சி மூச்சு விடுமாம்! கேட்டுக்கிட்டு இருந்த எனக்கு மூச்சு நின்னுபோச்சு, டைலரண்ணே. பொண்ணு பாக்க வந்தவன் பேசுற பேச்சா இது?”

தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணியார் இப்படிப் பொரிந்து தள்ளியபோது நான் ஒரு சட்டைக்குப் பொத்தான் துளை போட்டுக்கொண்டிருந்தேன். மலையகத்துப் பசறைக் கடைத்தெருவில் அப்போது எனக்கு ஒரு தையல் மெஷினும், அதன் பக்கத்தில் நாலு பேர் உட்காரும் ஒரு வாங்கும் இருந்தன. துணி தைக்க வருகிறவர்களைவிட வாங்கில் உட்கார வருகிறவர்கள்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை என்றால் சொல்லவே வேண்டாம். தோட்டங்களிலிருந்து சாமான் வாங்க இறங்குகிறவர்கள் பஸ் வரும்வரை அங்கேதான் இருப்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. கைக்குத்தானே வேலை? காது சும்மாதானே இருக்கிறது?

விஷயம் இதுதான். கங்காணியாரின் தங்கை தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண். அவளைப் பெண் பார்க்க எங்கள் லொறி டிரைவர் போயிருந்தான். எங்கள் டிரைவர் என்று நான் சொல்வது, அவனும் அந்த வாங்கைத் தேய்த்தவன் என்பதால். பதுளையில் ஒரு அரிசிக் கடை முதலாளியின் லொறியை ஓட்டினான். மரக்கறி ஏற்றிக்கொண்டு கடலோரத்துப் பொத்துவிலுக்கு இறங்குவான், அரிசி ஏற்றிக்கொண்டு மேலே வருவான். ஆள் தங்கம். ஆனால் ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்தால் அவனுக்கு வாய் மட்டும் போதாது. கை, கால், தோள், துவாய் எல்லாம் வேண்டும்.

அன்றைக்குப் பெண் வீட்டில் தேத்தண்ணி கொடுத்த கையோடு கங்காணியாரின் மனைவி, “கடலெல்லாம் பாத்திருப்பீங்களே தம்பி, எப்புடி இருக்கும்?” என்று ஒரு மரியாதைக்குக் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். கடலைச் சொல்லி, கரையில் இருக்கிற ஒரு பாறையைச் சொல்லி, அந்தப் பாறை மேல் நின்று தான் பார்த்த திமிங்கிலத்தைச் சொல்லி, கடைசியில் அதன் நீளம் யாருக்கும் பிடிபடவில்லை என்று தெரிந்ததும் வாசலுக்கு இறங்கிவிட்டான். குடும்பத்துக்கு ஒரு காம்பராவாக ஆறு குடும்பம் இருக்கும் அந்த லயத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, “இது வால், அந்தா அது தலை” என்று காட்டியிருக்கிறான். மாப்பிள்ளை எதற்கு லயத்தை அளக்கிறான் என்று ஆறு வீட்டுக்காரரும் கதவைத் திறந்து பார்த்தார்களாம்.

“தங்கச்சி சிரிச்சிருச்சு,” என்றார் கங்காணியார், ஏதோ களவு போனதைச் சொல்வது போல. “உள்ள நின்னுகிட்டுக் களுக்குன்னு சிரிச்சிருச்சு. அதான் எனக்குப் பயம்.”

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய மூத்த தங்கையைக் கட்டியவன் பதுளையில் பெரிய உத்தியோகம் என்று சொல்லித்தான் கட்டினான். வாய் நிறையப் பேசுவான், கேட்கிறவர்கள் மயங்கிப்போவார்கள். தாலி கட்டின மூன்றாம் மாதம் உத்தியோகமும் இல்லை, ஆளும் இல்லை. அந்தத் தங்கை அண்ணன் வீட்டுக்கே திரும்பிவிட்டாள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். பார்த்துக் கொடுத்தவர் இவர். அதனால் சின்னவளுக்கு வந்த மாப்பிள்ளையிடம் அவர் வேறு எதையும் பார்க்கவில்லை. வாயைத்தான் பார்த்தார்.

“மீன் விசயத்துலயே இம்புட்டுப் பொய் சொல்றவன் மத்த விசயத்துல சும்மா இருப்பானா? நீங்களே சொல்லுங்க.”

நான் சொல்வதற்குள் வாங்கின் மறுகோடியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த மாஸ்டர் தலையை நீட்டினார். யாழ்ப்பாணத்தார். பசறைக்குப் படிப்பிக்க வந்த நாளிலிருந்து சித்திரை வெயிலிலும் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டிருப்பவர்.

“ஒரு காம்பரா எத்தினை அடி, கங்காணியார்?”

“பன்னெண்டு இருக்குங்க மாஸ்டர்.”

“அப்ப ஆறுக்கு எழுபத்திரண்டு. உதிலை பிழை ஒண்டுமில்லைக் காணும். எண்பது அடியிலையும் திமிங்கிலம் இருக்கெண்டு புத்தகத்திலை கிடக்கு.”

“புத்தகத்துல கெடக்கும். பொத்துவில்ல கெடக்கா?”

மாஸ்டர் திரும்பவும் பத்திரிகைக்குள் போய்விட்டார். கங்காணியார் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “கண்ணால காட்டச் சொல்லுங்க. நான் பாத்தேன்னா பொண்ணு அவனுக்கு. பாக்கலேன்னா இந்தப் பேச்ச இத்தோட விட்ருவோம்.”

டிரைவரிடம் சொன்னபோது, “காட்டுறேன், அதுக்கென்ன?” என்று நெஞ்சைத் தட்டினான். வாங்கில் இருந்தவர்கள் போன பிறகு மெஷினுக்குப் பக்கத்தில் வந்து குந்தினான்.

“டைலரண்ணே, அது என்ன பஸ்ஸா, நேரத்துக்கு வர்றதுக்கு? ஆறு வருசமா அந்தப் பக்கம் போறேன். ரெண்டே ரெண்டு தரந்தான் பாத்திருக்கேன்.”

“அப்பறம் ஏன்டா நெஞ்சத் தட்டுன?”

“தட்டலேன்னா பொய்யின்னு ஆயிரும்ல?”

சித்திரை வருடப்பிறப்புக்குத் தோட்டத்தில் லீவு விட்டார்கள், மாஸ்டருக்கும் பள்ளிக்கூடம் இல்லை. அரிசி ஏற்ற வெறும் லொறி பொத்துவிலுக்கு இறங்கியது. முன்னால் டிரைவரோடு கங்காணியாரும் அவர் மனைவியும். பின்னால் வெறும் சாக்குகள் மேல் நானும் மாஸ்டரும். மாஸ்டர் ஆஸ்பத்திரி டாக்டரிடம் இரவல் வாங்கிய தூரக்கண்ணாடியை மடியில் குழந்தையைப் போல வைத்திருந்தார். வளைவுகளில் லொறி திரும்பும்போதெல்லாம் அவர் சாய்வார், கண்ணாடி சாயாது. மொணராகலையைத் தாண்டியதும் சூடு பிடித்துக்கொண்டது. சியம்பலாண்டுவையில் கம்பளித் துண்டு முதல்முறையாகக் கழுத்தை விட்டு இறங்கியது. முன்னாலிருந்து கங்காணியம்மாவின் குரல் கேட்டுக்கொண்டே வந்தது. “ஏங்க, மலையெல்லாம் எங்கங்க போச்சு? இப்புடித் தட்டையாக் கெடந்தா தண்ணி எப்புடிங்க ஓடும்?”

அன்றிரவு அரிசி ஆலைக் கொட்டகையில் படுத்தோம். விடிந்ததும் டிரைவர் எங்களைத் தன் பாறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். பொத்துவிலுக்குத் தெற்கே, மணலைவிட்டுக் கொஞ்சம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருங்கல் முனை. ஏறி நின்றால் மூன்று பக்கமும் தண்ணீர்.

கங்காணியம்மா முதல்முறையாகக் கடலைப் பார்த்தார். முக்காட்டைப் பிடித்துக்கொண்டு பாறையின் விளிம்புவரை போனார். பிறகு, “விடியக்காலம் நம்ம மலையில நின்னு பாத்தா பள்ளம் பூரா வெள்ளையா மிஸ்ட் மூடிக் கெடக்குமே, அப்புடியே இருக்கு. ஆனா இது கலைய மாட்டேங்குது,” என்றார். நான் அதற்குப் பிறகு எத்தனையோ தரம் கடலைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தரமும் கலைகிறதா என்று பார்க்கிறேன்.

கங்காணியாருக்கு அதெல்லாம் கிடையாது. கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கம்பு எல்லாவற்றோடும் வந்திருந்தார். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்பது போலவே கம்பை ஊன்றி நின்று கடலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பார்வை பார்த்தார்.

“எங்க டிரைவரு ஒன் மீனு?”

“வரும்ண்ணே.”

“எப்ப வரும்? மணி ஏழாகுது. எங்க தோட்டத்துல இந்நேரத்துக்கு வந்தா அரைப் பேருதான்.” பிந்தி வருகிறவர்களுக்குப் பாதி நாள் சம்பளம் போடுவதைத் தோட்டத்தில் அரைப் பேர் என்பார்கள். கங்காணியார் கையைக் குவித்துக் கடலைப் பார்த்துக் கூப்பிட்டார். “ஏ... மீனு! பெரட்டுக்கு நேரமாச்சு!”

மாஸ்டர் சிரித்துச் சிரித்துத் தூரக்கண்ணாடியில் மூச்சுப் படிந்து ஒன்றும் தெரியாமல் போனது.

ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் பிரித்தோம். போத்தலில் கொண்டுபோன தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. ஆனாலும் அந்த உப்புக் காற்றில் அது அமிர்தமாக இறங்கியது. டிரைவர் மட்டும் சாப்பிடவில்லை. ஒரு ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இமைக்கிற நேரத்தில் அது வந்துவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தவன் போல இருந்தான். ஆறு வருடத்தில் இரண்டு தரம் வந்தது, இன்றைக்கு ஒரு தரம் வரக் கூடாதா என்று நானும் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டுதான் இருந்தேன்.

வெயில் ஏறியது. “தம்பி, தொண்ட காயுதுப்பா,” என்று கங்காணியம்மா சொன்னதும் அவன் மனமில்லாமல் எழுந்தான். எளநி வாங்கி வருகிறேன் என்று மணலில் இறங்கித் தென்னந்தோப்புப் பக்கம் ஓடினான். ஓடும்போதும் கழுத்து கடல் பக்கம்தான் திரும்பியிருந்தது.

அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் கங்காணியம்மா, “ஏங்க, அங்க பாருங்க. ஸ்டோர்ல நெருப்புப் போட்டுட்டாங்க,” என்றார்.

தேயிலைத் தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். காலையில் அடுப்பு மூட்டியதும் அதன் குழாயிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தூரத்தில் வெள்ளையாக ஏதாவது எழும்பினால் மனது முதலில் அங்கேதான் போகும்.

“கடல்ல ஏதுடி ஸ்டோரு?” என்றார் கங்காணியார், திரும்பாமலே.

“அந்தா அந்தக் கோடியில. இப்ப நின்னுபோச்சு... இல்ல, மறுபடி வருது. ஈர வெறகு போல, விட்டு விட்டு வருது.”

மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பாடம் எடுத்தார். “அங்கால கடலைத் தவிர ஒண்டுமில்லையம்மா. நேரை போனா மலாயாதான். அங்கை ரப்பர்தான் கிடக்கு.”

“அப்ப ரப்பர் ஸ்டோரா இருக்கும்.”

நாங்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது அங்கே ஒன்றும் இல்லை. கங்காணியம்மாவும் பேச்சை விட்டுவிட்டு ரொட்டி கட்டிய துணியை மடிக்க ஆரம்பித்தார்.

அடுத்தது நடந்ததை எப்படிச் சொல்வது? கடல் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. எங்களுக்கு இடது பக்கம், கூப்பிடு தூரத்தில், கறுப்பாக ஒன்று தண்ணீரைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. அலை மூடியது. மறுபடி வந்தது. பக்கத்தில் நுரை ஆள் உயரத்துக்குச் சீறியது.

கங்காணியார் கம்பைப் போட்டுவிட்டுத் துள்ளினார். “அந்தா! அந்தா! மீனு! தண்ணி பீய்ச்சுது! வால ஆட்டுது, வால ஆட்டுது!” தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. தோட்டத்தில் அவர் நடக்கிற நடைக்கு ஐம்பது பேர் வாய் மூடுவார்கள். அந்த மனிதர் பாறை மேல் பிள்ளையைப் போலக் குதித்தார்.

மாஸ்டர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, “கங்காணியார், உது...” என்று ஆரம்பித்தார். நான் அவர் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினேன். “உது... நல்ல பெரிசு,” என்று முடித்தார்.

அது பாறை. எனக்கும் தெரிந்துவிட்டது. அலை வாங்கும்போது தெரியும், வரும்போது மறையும் பாறை. ஆனால் எங்கள் டிரைவருக்கு ஒரு பெண் கிடைக்கப் போகிறாள் என்றால் அந்தப் பாறை மீனாக இருந்துவிட்டுப் போகட்டுமே? திமிங்கிலமா கோபித்துக்கொள்ளப் போகிறது?

அந்த நேரம் டிரைவர் இரண்டு கையிலும் எளநிக் குலையோடு, இடுப்பில் ஒரு கத்தியோடு ஏறி வந்தான். கங்காணியார் ஓடிப்போய் அவனைக் கட்டிப் பிடித்தார்.

“மாப்புள! பாத்துட்டேன் மாப்புள! நீங்க சொன்னது பொய்யில்ல. நாந்தான் மடையன்!”

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. எளநியையும் கத்தியையும் கீழே வைத்துவிட்டு அவர் காட்டிய பக்கம் ஆவலாகப் பார்த்தான். அலை வாங்கியது. கறுப்பாக அது தெரிந்தது. அவன் பார்த்தான். மறுபடி பார்த்தான். நான் கங்காணியாரின் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டினேன், உதட்டைக் கடித்தேன், கும்பிடக்கூடச் செய்தேன்.

“அது பாறைங்க அண்ணே,” என்றான்.

“என்னாது?”

“கல்லுங்க. நான் பாத்த மீனு இது இல்ல.”

கங்காணியாருக்கு முகம் சிவந்துவிட்டது. “கண்ணால பாத்தவன் நானு. வால ஆட்டுச்சு!”

“அது பாசிங்க. அலைக்கு ஆடுது.”

“தண்ணி பீய்ச்சுச்சேடா!”

“அலை மோதித் தெறிக்குதுங்க.”

“டேய், நான் மீனுங்கிறேன், நீ கல்லுங்கிறியா? மீனக் காட்டுறேன்னு கூட்டியாந்தவன் நீதான?” மாப்பிள்ளையும் போய் ‘நீங்க’வும் போய்விட்டது. “அப்ப ஒனக்கு என் தங்கச்சி வேணாம், அப்புடித்தான?”

அவன் கீழே பார்த்துக்கொண்டு சொன்னான்: “வேணும்ண்ணே. ராத்திரி பூரா அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஆனா நாளைக்கு ஒங்க தங்கச்சி எங்கிட்ட, மெய்யாவே எங்க அண்ணனுக்கு மீனக் காட்டுனீங்களான்னு கேக்கும்ல. நான் என்னாங்க சொல்றது?”

கங்காணியார் கடல் பக்கம் திரும்பினார். பாறையைப் பார்த்தார். அது இப்போது எந்த வெட்கமும் இல்லாமல் பாறையாகவே நின்றது. அவர் அவிழ்ந்த தலைப்பாகையைக் கையில் சுருட்டிக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

சத்தம் கேட்டு, மணலில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போன வயதான மீன்காரர் ஒருவர் நின்றார். பொத்துவில் முஸ்லிம் ஆள். “என்ன வாப்பா சண்ட?” என்று கீழேயிருந்தே கேட்டார். மாஸ்டர் விஷயத்தைச் சொன்னார்.

“அது கல்லு மனே. எங்கட வாப்பாட காலத்திலயும் அது கல்லுதான்,” என்று சிரித்தார் அவர். “திமிங்கிலம் பாக்க வந்தா மீனத் தேடப்படாது. புகையத் தேடணும். அது மேல வந்து மூச்சு விட்டா வெள்ளப் புகை மாதிரி எழும்பும், நிக்கும், திரும்ப எழும்பும். இப்ப கொஞ்சத்துக்கு முன்னயும் அந்தா அந்தக் கோடியில எழும்பினதே, நீங்க ஒருத்தரும் காணல்லயா?”

சொல்லிவிட்டு அவர் தன் பாட்டுக்கு நடந்தார். நாங்கள் எல்லாரும் மெதுவாகத் திரும்பினோம். மடித்த துணியைக் கையில் பிடித்தபடி கங்காணியம்மா வாயைப் பிளந்து நின்றிருந்தார்.

“ஐயோ சாமி! நான் ஸ்டோருன்னுல்ல நெனச்சேன்!”

மாஸ்டர் தூரக்கண்ணாடியை உறையில் போட்டு மூடினார். அன்றைக்கு அதை அவர் மறுபடி திறக்கவே இல்லை. டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். “நான் தண்ணி பீய்ச்சும்னு சொன்னேனே, புகை மாதிரி இருக்கும்னு சொல்லாம விட்டுட்டேனே!”

கங்காணியார் மனைவியின் பக்கத்தில் போனார். குரல் இறங்கியிருந்தது. “நல்லாப் பாத்தியா?”

“பாத்தேங்க. மூணு தரம் வந்துச்சு.”

“எத்தன காம்பரா இருக்கும்?”

இந்த இடத்தில் கங்காணியம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐந்து என்றாலும் போதும். அந்தச் சின்னவள் சிரித்த சிரிப்பு இவருக்கும் பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரியும். கங்காணியம்மா கடலைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

“ஒடம்பு தெரியலைங்க. புகைய மட்டுந்தான் பாத்தேன். பாக்காதத நான் எப்புடிங்க சொல்றது?”

கங்காணியார் சுருட்டி வைத்திருந்த தலைப்பாகையைப் பிரித்து, உதறி, நிதானமாகக் கட்டிக்கொண்டார். கோட்டின் பொத்தானைப் போட்டார். டிரைவரின் பக்கத்தில் கிடந்த கத்தியை எடுத்தார். குலையில் ஒவ்வொரு எளநியாகத் தட்டிப் பார்த்து ஒன்றைப் பிடுங்கினார். மூன்றே வெட்டில் தலையைச் சீவி, அதன் வாயைத் தன் துவாயின் சுத்தமான நுனியால் சுற்றித் துடைத்தார். “குடிங்க மாப்புள,” என்று சொல்லி, இரண்டு கையாலும் பிடித்து, எங்கள் எல்லாருக்கும் முன்னால் அதை டிரைவரிடம் நீட்டினார்.